பதினைந்துக்குக் கீழே

ஒருவர் உண்மையை மட்டுமே எழுதுகிறார். இன்னொருவர் அதை எடுத்துப் போய் ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்கிறார். அந்தப் பொய்யில் முதலாமவருக்குப் பங்கு உண்டா? நாற்காலியில் சாய்ந்தபடி இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். பாட்டில்காரம்மாவுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. கேள்விக்குள்ளேயே மூன்று மாதம் அவர் குடியிருக்க நேர்ந்தது.

பாட்டில்காரம்மா என்பது, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைக்கு வடக்கே இருக்கும் ஆறு தெருக்காரர்கள் வைத்த பெயர். நீர் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடங்களாக அவர் ஆய்வாளர். வயது நாற்பத்தாறு. குள்ளமான உருவம், வேக நடை, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பாட்டில்கள் அடுக்கிய கூடை. பெரிய ஆய்வாளர் என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வருடத்தில் பதினோரு கட்டுரைகள். அவற்றில் பத்தை, எழுதியவரையும் அச்சுக்கோத்தவரையும் தவிர வேறு யாரும் படித்ததற்குத் தடயம் இல்லை. ஆனால் பாட்டில் கழுவுவதில் அவருக்கு நிகராக ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. இது பாராட்டு அல்ல. அந்த வேலையின் பாதி அதுதான்.

ஒரு நாள் முழுக்க அமிலத்தில் ஊறப்போடுவார். கிணற்றடிக்குப் போனதும் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுவார். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் போய், நிலத்தின் தண்ணீர் வரவேண்டும். வந்த தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசுவார். கிணற்றின் எண்ணை மூடியில் எழுதவே மாட்டார், பாட்டிலின் உடம்பில்தான் எழுதுவார். மூடிகள் இடம் மாறும்.

மூன்றாம் தெருவில் தையல்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டியவர், வாய்க்குப் பூட்டுப் போடாதவர்.

"வாங்க பாட்டில்காரம்மா! பத்து நிமிசம் தண்ணிய வீணா ஓடவிட்டுட்டு அரை பாட்டில் பிடிச்சுட்டுப் போறீங்க. எங்க வீட்டுக்காரர் சம்பாத்தியம் மாதிரியே இருக்கு."

"ஓடற தண்ணிய ஒரு வாளில பிடிச்சுக்கங்கக்கா, துணி துவைக்கலாம்."

"குடிக்கலாமான்னு சொல்லுங்க, அதைக் கேட்டா மட்டும் ஊமையாயிடறீங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பதினோராவது கட்டுரை பிறந்தது. அதைத் தனியாக எழுதவில்லை. கூட எழுதியவர் அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். பதினெட்டு வருடமாக ஒரே அறை, எதிரெதிர் மேசை. எந்தப் பெருக்கலையும் தாளில்லாமல் சொல்வார் என்பதால் நிறுவனமே அவரை வாய்ப்பாடு என்று கூப்பிட்டது. கோடையில் இரண்டு மாதம், அவருடைய ஸ்கூட்டரில் கூடைகளைக் கட்டிக்கொண்டு இருவரும் நாற்பது கிணறுகளைச் சுற்றினார்கள். பாட்டில்காரம்மாவுக்கு வழியில் மயக்கம் வந்த நாளில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடந்தவர் வாய்ப்பாடுதான். பாட்டில்காரம்மாவின் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வரிசையில் நின்றவரும் அவர்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால், நடந்தது துரோகம் என்பது கூடப் புரியாது. அயலான் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

ஆய்வகத்தில் ஈயம் அளக்கும் கருவி பழையது. அதன் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் பதினைந்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் சொல்லும். அதற்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது. குடிநீருக்குப் பாதுகாப்பான அளவோ பத்து. அதாவது, ஆபத்து தொடங்கும் இடத்துக்கும் கருவி விழிக்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இருட்டு இருந்தது. ஆலையின் கழிவு வாய்க்கால் ஓடும் தெற்குப் பக்கத்தில் ஒன்பது கிணறுகளில் ஈயம் தாறுமாறாக இருந்தது. வடக்கே ஆறு தெருவின் முப்பத்தொரு கிணறுகளிலும் கருவி வாயே திறக்கவில்லை.

கட்டுரையின் ஏழாம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, பாட்டில்காரம்மா ஒரு குறிப்பு எழுதினார்: இந்த முப்பத்தொரு கிணறுகள் பாதுகாப்பானவை என்று எங்கள் கருவியைக் கொண்டு சொல்ல முடியாது.

"இவ்வளவு கஷ்டப்பட்டு அலைஞ்சு, கடைசில எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதறியே அம்மா தாயே," என்று வாய்ப்பாடு சிரித்தார்.

"தெரியாததைத் தெரியாதுன்னு எழுதறதுக்குத்தான் சம்பளம்."

"அதுக்கு நம்ம ஊர்ல சம்பளம் கம்மி."

அந்தக் குறிப்பின்படியே அவர் தையல்காரரிடமும் சொன்னார். தெரியாத வரைக்கும் குடிக்க வேண்டாம் என்று. ஆறு தெருவும் முணுமுணுத்துக்கொண்டே கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கின.

கட்டுரை வெளியாகி நான்கு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். இந்த எண்ணை நிறுவனம் கதவில் ஒட்டாத குறையாகக் கொண்டாடியது. ஆனால் மேற்கோள் என்பது படித்ததற்கான சான்று அல்ல. பெரும்பாலோர் சுருக்கத்தைப் படித்தார்கள். சுருக்கத்தில் ஏழாம் பக்கம் இல்லை.

பிறகு ஒரு மதியம் இயக்குநர் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். தேநீர், பிஸ்கட், கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்து.

"நம்ம பேப்பரை நாலு பேர் மேற்கோள் காட்டறது வேற," என்றார் இயக்குநர். "ஒரு அரசாங்க முடிவே நம்ம பேப்பர் மேல நிக்குதுன்னா அது வேற. தாக்கம், தாக்கம்னு மேலிடம் உயிரை வாங்குதே, இதோ தாக்கம்!"

வருடாந்தர மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஆய்வினால் விளைந்த முடிவுகள்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு வருடமாகப் பாட்டில்காரம்மா அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். இந்த முறை அலுவலகமே அதை நிரப்பியிருந்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த வாய்ப்பாடு எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டினார். முடிவெடுத்த நிபுணர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

பாட்டில்காரம்மா சந்தோஷப்பட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. பூங்கொத்தைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவது வேலை.

"பூவெல்லாம் குடுத்திருக்காங்க. ரிட்டையர் ஆக்கிட்டாங்களா?"

"போங்க! என் பேப்பரைப் பாத்து முடிவெடுத்திருக்காங்களாம்."

"என்ன முடிவு?"

அதை யாரும் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முடிவின் நகல் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. ஈய ஆலையை வடக்குப் பக்கமாக விரிவாக்க அனுமதி. காரணம்: வடக்கே நிலத்தடி நீரில் ஈயம் இல்லை என்று ஆய்வு காட்டுகிறது. பின்னிணைப்பில் அட்டவணை. அவருடைய அட்டவணைதான், அதே கிணற்று எண்கள், அதே வரிசை. ஆனால் 'பதினைந்துக்குக் கீழ்' என்று அவர் எழுதியிருந்த முப்பத்தொரு இடங்களிலும் சைபர். அதற்குக் கீழே ஒரு வரி: விவரங்கள் முதன்மை ஆய்வாளரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யப்பட்டன.

அந்தத் தொலைபேசி அவருக்கு நினைவிருந்தது. மகளைத் தேர்வு அறைக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றபோது வாய்ப்பாடு கூப்பிட்டார். வடக்கே மொத்தம் முப்பத்தொரு கிணறுதானே என்று கேட்டார். ஆமாம், முப்பத்தொன்றுதான் என்றார் இவர். மகள் நன்றாக எழுதுவாள், கவலைப்படாதே என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவ்வளவே.

மறுநாள் பாட்டில் கழுவும் அறையில் அவரைப் பிடித்தார்.

"என்னப்பா இது?"

வாய்ப்பாடு தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்த மாதிரி செய்தார் என்பதுதான் சரி.

"கட்டத்துல எழுத்தா இருந்தா கணினி கூட்டாது. ஏதாவது ஒரு எண் போட்டாகணும்."

"நம்ம வழக்கம் என்ன? கருவிக்குத் தெரியலைன்னா எல்லையில பாதியப் போடறது. பதினெட்டு வருசமா அதைத்தானே செய்யறோம்?"

"பாதின்னா ஏழரை. குழு நடுவுல போய் ஏழரையைக் கூட்டச் சொல்றியா?"

பாட்டில்காரம்மா சிரிக்கவில்லை. வாய்ப்பாடும் வேடிக்கையை நிறுத்திக்கொண்டார்.

"இங்க பாரு. தொள்ளாயிரம் பேருக்கு வேலை. எப்படியும் அனுமதி குடுத்திருப்பாங்க. உன் பேப்பர் இல்லைன்னா வேற எவனோ ஒருத்தன் பேப்பர். நம்மதா இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான். உனக்கும் நல்லதுதானே?"

"எனக்கா?"

"புது மதிப்பீட்டு மையம் வருது. நான் தலைவர்னா நீ துணைத் தலைவர். வேற யாரை வைப்பேன்?"

"உனக்கு ஏழாம் பக்கம் தெரியும்."

"தெரியும். நீ எழுதும்போது பக்கத்துல இருந்தேனே."

தெரியாமல் செய்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் பாட்டில்காரம்மா நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். நம்புவதற்கு ஒரு வழி தேடித்தான் அந்த அறைக்கு வந்தார். வாய்ப்பாடு அந்த வழியை அடைத்துவிட்டார், ஒருவகையில் நேர்மையாக.

அன்று சாயங்காலமே மூன்றாம் தெருவுக்குப் போனார். தையல்காரர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்ததும் முகம் மலர்ந்தது.

"உங்க பேரைப் போட்டுத் தெருமுனைல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, பாத்தீங்களா? எழுத்துக்கூட்டிப் படிச்சேன். தண்ணி சுத்தமாம். அன்னிக்கே கேன்காரனை வராதேன்னுட்டேன்."

"குடிக்கறீங்களா?"

"பின்ன? நீங்களே சொன்னப்புறம் என்ன? மருமக அஞ்சு மாசம். சுத்தமான கிணத்துத் தண்ணி, நல்லாக் குடின்னு நான்தான் ஊத்திக் குடுக்கறேன்."

"குடுக்காதீங்கக்கா. அது நான் சொன்னது இல்ல."

மிதிப்பது நின்றது.

"உங்க பேருதானே போட்டிருக்கு?"

"பேரு என்னுது."

"அப்ப யாரு சொன்னது?"

தையல்காரர் ஊசியிலிருந்து நூலை உருவினார், மறுபடி கோத்தார்.

"முதல்ல குடிக்காதேன்னீங்க. அப்புறம் குடின்னு நோட்டீஸ். இப்ப குடிக்காதே. படிச்சவங்க விளையாட்டுக்கு எங்க வயிறுதான் கிடைச்சுதா? பத்து நிமிசம் தண்ணிய ஓடவிட்டதெல்லாம் இதுக்குத்தானா?"

வாய்ப்பாடு செய்ததைவிட இந்தச் சொல் அவருக்கு ஆழமாக இறங்கியது என்று பின்னால் கணவர் சொன்னார். அவரை ஒருவர் ஏமாற்றினார். அவர் பெயரை வைத்து ஆறு தெரு ஏமாந்தது. முதலாவதற்குக் கோபப்படலாம். இரண்டாவதற்கு என்ன செய்வது?

அவர் செய்தது தனக்குத் தெரிந்த ஒரே வேலையை. விடுப்பு எடுத்துக்கொண்டு முப்பத்தொரு கிணறுகளுக்கும் மறுபடி போனார். இந்த முறை ஸ்கூட்டர் இல்லை. கணவர் பணிமனையில் சொல்லி, முதல் வண்டியின் கடைசி இருக்கைக்குக் கீழே கூடைகளை வைக்க இடம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த நகரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுட்பமான கருவி இருந்தது. ரத்தத்தில் ஈயம் அளப்பது, ஒன்று இரண்டைக்கூடப் பார்க்கும். முடிவு பத்து நாளில் வந்தது. முப்பத்தொன்றில் பத்தொன்பது கிணறுகள் பத்துக்கு மேலே. தையல்காரர் கிணறு பதினான்கு.

பதினான்கு. பழைய கருவியின் கண் மூடியிருந்த சரியான இடம்.

ஆலையின் வடக்குச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டத் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஆட்சேபம் சொல்ல ஒரே ஒரு விசாரணை நாள். பாட்டில்காரம்மா தன் சொந்தக் கட்டுரைக்கு எதிராக மனுக் கொடுத்தார். இப்படி ஒரு மனுவை வாங்கியதே இல்லை என்று குமாஸ்தா இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பேப்பர் தப்புன்னு நீங்களே சொல்லப் போறீங்களா?"

"பேப்பர் சரிங்க சார். அதுலேருந்து எடுத்ததுதான் தப்பு."

"கேக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நிறுவனத்துக்கு இருந்த ஒரே ஒரு தாக்கம் இது. அதையும் நீங்களே போட்டு உடைச்சா எப்படிம்மா?"

விசாரணைக்கு முந்தைய நாள் கணவர் ஒரு காரியம் செய்தார். குழு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவர் அவருடைய பணிமனைப் பேருந்தில் தினமும் வருபவர். அவரிடம் மனுவைக் காட்டி, முறைப்படி ஒரு நகல் வாங்கினார். வாய்ப்பாடு குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சல் அது. 'முப்பத்தொரு கட்டங்களிலும் நான் சைபர் இட்டிருக்கிறேன், முடிவெடுக்க எளிதாக இருக்கும்' என்று ஒரு வரி அதில் இருந்தது. கணவர் அதை மடித்து மனைவியின் பைக்குள் வைத்தார்.

"இதைக் காட்டு. ஆள் அதோட முடிஞ்சான்."

விசாரணை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. பச்சைத் துணி விரித்த மேசை, முதுகு வளைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு கேன் தண்ணீர் பாட்டில். பின்வரிசையில் கணவர். அவருக்குப் பக்கத்தில் தையல்காரர், மருமகளுடன். வாய்ப்பாடு ஆலை வழக்கறிஞருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, அவசரப்படாதவர். ஏழாம் பக்கத்தைத் தானே உரக்கப் படித்தார். பிறகு மருத்துவக் கல்லூரியின் முடிவுகளைப் படித்தார். வழக்கறிஞர் எழுந்து, இவை அச்சாகாத எண்கள் என்றார்.

"அச்சான எண்ணே போதும்," என்றார் அதிகாரி. "பதினைந்துக்குக் கீழ்னு இருக்கறதைச் சைபர்னு எடுத்துக்க முடியாது. அனுமதியை ரத்து செய்யறேன். புதுசா ஆய்வு செஞ்சுட்டு வாங்க. தெருமுனை நோட்டீஸை இன்னிக்கே கிழிச்சாகணும்."

தையல்காரர் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டில்காரம்மாவைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். மன்னிப்பா, மரியாதையா, வெறும் அடையாளமா என்று சொல்ல முடியாத தலையசைப்பு.

வேலை முடிந்துவிட்டது. அதிகாரி பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

"ஒரு விஷயம் பதிவுக்காகக் கேக்கறேன். முடிவு இதனால மாறப் போறதில்லை. அந்தச் சைபர்களை யார் போட்டது? ஆசிரியர்கள் அனுப்பின கோப்புன்னு குழு சொல்லுது. ஆசிரியர் ரெண்டு பேர். ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க."

அன்று முதல்முறையாக வாய்ப்பாடு பாட்டில்காரம்மாவை நேராகப் பார்த்தார், பிறகு மேசைத் துணியைப் பார்த்தார். பின்வரிசையில் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பை மடியில் திறந்திருந்தது. பாட்டில்காரம்மா அதன் வாயை மூடினார்.

"நான்தான் போட்டேன்," என்றார்.

"நீங்களா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாம் பக்கத்தை எழுதினவங்களே நீங்கதானே? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுங்க. நான்தான்."

"பொய்!" என்று பின்னாலிருந்து கணவர் எழுந்தார். உட்காரச் சொன்னார்கள்.

அதன் விளைவுகளை அவர் கணித்திருப்பார். எண்களைத் திரித்ததாக ஆசிரியரே ஒப்புக்கொண்டதால் ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, பதினொன்று பத்தாயிற்று. இயக்குநர் அவரைப் பாட்டில்களும் ரசாயனங்களும் அடுக்கும் கிடங்குக்கு மாற்றினார். மதிப்பீட்டு மையத்துக்கு வாய்ப்பாடு தலைவரானார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கணவர் ஒரு மாதம் விடாமல் கேட்டுப் பார்த்தார். சாப்பாடு ஆறுகிறது என்ற பதிலுக்கு மேல் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மன்னிப்பு என்று சிலர் சொன்னார்கள். தண்டனை என்று ஒருவர் சொன்னார். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்து உணர்ச்சியில் வாய்தவறி வந்த சொல் என்று நினைக்கவும் வழியில்லை. விசாரணை முடிந்த ஒன்பதாம் நாள், தட்டச்சு செய்த வாக்குமூலத்தைக் கையெழுத்துக்காக அவரிடம் அனுப்பினார்கள். எதையும் மாற்ற வேண்டுமானால் மாற்றலாம் என்று குமாஸ்தா பேனாவையும் நீட்டினார். பாட்டில்காரம்மா நான்கு பக்கத்தையும் நின்றபடியே வரிவரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கிணற்றின் எண் இருபத்தாறு என்பதற்குப் பதிலாக இருபத்தொன்பது என்று விழுந்திருந்தது. அதை அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். நான்காம் பக்கத்தில் சைபர்களைப் பற்றிய வரியை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, கீழே கையெழுத்திட்டார்.